பசெஞ்சியின் சத்தங்களைப் புரிந்துகொள்வது எப்படி

ஃபிளாட்டில் இருக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று யோசித்து, "குரைக்காத நாய்" என்ற பேரைக் கேட்டு பசெஞ்சி வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம்: இது வாயை மூடிக்கொண்டு இருக்கும் நாய் இல்லை. காங்கோ பக்கத்து வேட்டை நாய் இது. குரல்வளை அமைப்பு கொஞ்சம் வேறு என்பதால் லொள் லொள் என்று விடாமல் குரைப்பதில்லை, அவ்வளவுதான். புதருக்குள் எங்கே ஓடுகிறது என்று தெரிய, அங்கே வேட்டைக்காரர்கள் அதன் கழுத்தில் மணி கட்டி விடுவார்கள்.

நீங்கள் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது, ஏற்ற இறக்கமாக, பாதி ஊளை பாதி பாட்டு மாதிரி ஒரு சத்தம் வரும். அது சந்தோஷம். பதிலுக்கு நீங்களும் பேச்சுக் கொடுங்கள், இன்னும் பாடும், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும்! உறுமலும் சிணுங்கலும் எல்லா நாய்க்கும் உள்ளதுதான். திடீரென்று ஒரே ஒரு "வுஃப்" வந்தால் எதையோ பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறது. திட்டாதீர்கள், அது பார்க்கும் பக்கம் நீங்களும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது அலறல். மனுஷர் கத்துவது போலவே இருக்கும், கேட்பவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வருவார்கள். தனியாக விட்டாலோ கூண்டில் அடைத்தாலோ பெரும்பாலும் இதுதான். அதனால் வெளியே போகும்போது போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் போங்கள், கிளம்பின உடனே கத்துகிறதா, ரொம்ப நேரம் கழித்தா என்று தெரியும். உடனே என்றால் முதலில் ஐந்து நிமிஷம், அப்புறம் பத்து என்று மெதுவாகப் பழக்குங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையிலேயே பெசன்ட் நகர் பீச் பக்கம் நன்றாக நடக்க வைத்துக் கூட்டி வந்தால் பாதி பிரச்சினை குறையும், ஏனென்றால் இது ஓடிப் பழகிய இனம். ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அலறினாலோ, தொட்டால் கத்தினாலோ வலியாக இருக்கலாம், வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் உடம்பையும் பாருங்கள்: சுருண்ட வால் தொங்கி, காது பின்னால் போயிருந்தால் பயம். தீபாவளி சமயத்தில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

வாங்குவதற்கு முன் வளர்ந்த பசெஞ்சி உள்ள ஒரு வீட்டுக்குப் போய், வீட்டுக்காரரை ஒரு பத்து நிமிஷம் வெளியே போகச் சொல்லி, நீங்கள் மாடிப்படியில் நின்று கேளுங்கள்.