ஊர்க் காரியங்களில் கவுன்சிலர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பேரூராட்சி மன்ற உறுப்பினருக்கு 2023 ஜூலை முதல் மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் அறிவிக்கப்பட்டது. கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினருக்கு அதுவும் இல்லை. கூட்டத்திற்கு வந்தால் அமர்வுப்படி, அவ்வளவுதான். ஆவணியிலோ தையிலோ ஒரு வார்டுக்குள் வந்து விழும் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்புப் பத்திரிகைகளுக்கெல்லாம் மொய் எழுதப் புறப்பட்டால் இந்தத் தொகை ஒரு வாரத்திற்குத் தாங்காது. இது ஊராருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், கவுன்சிலர் வைத்த மொய் ஆயிரத்துக்குக் குறைந்துவிட்டால் பந்தியிலேயே பேச்சு வந்துவிடும்.

பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊருக்குச் செய்வதென்றால் கையிலிருந்து பணமாகச் செய்வது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கோயில் கொடைக்கு ஒரு தொகை, இளைஞர் மன்றத்துக்குக் கைப்பந்து வலை, பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு எவர்சில்வர் குடம் என்று தொடங்கும் செலவு, தேர்தலில் வாங்கிய கடனோடு சேர்ந்து இரண்டாம் ஆண்டில் கழுத்தை இறுக்கும்போது, வார்டில் வரும் வடிகால் வேலையை மைத்துனர் பெயரில் எடுத்தால் என்ன என்ற யோசனை தானாகவே வந்து நிற்கும். உள்ளாட்சியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குப் பங்கு இருந்தால் அவர் தகுதி இழப்பார் என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் உறவினர் பெயர் தேவைப்படுகிறது. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டும் குடவோலையிலிருந்து விலக்கவில்லை. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான் என்று உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணி விலக்கியது. மைத்துனர்களைப் பற்றிக் கி.பி. 921-லேயே நம் ஊர்ச் சபைகளுக்குத் தெரிந்திருந்தது.

மொய்யை எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக வைத்து, அந்தத் தொகையை முதல் மாதத்திலேயே ஊரறியச் சொல்லிவிடுவது நல்லது. நூற்றியொன்று என்றால் எல்லாருக்கும் நூற்றியொன்றுதான். ஆறு மாதம் கேலி பேசுவார்கள், பிறகு பழகிவிடும்.

துக்க வீட்டில் நடக்கும் தவறு வேறு விதமானது. கவுன்சிலர் ரோஜா மாலையோடு வருவார், கூட வந்தவர் கைப்பேசியில் படம் எடுப்பார், ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார். அந்தப் படம் வார்டு வாட்ஸ்அப் குழுவில் வந்து சேரும்போது, சுடுகாட்டுப் பாதையில் முள் வெட்டாமல் கிடப்பதையும், தகன மேடையருகே குழாயில் தண்ணீர் வராததையும் அங்கே கூடியிருக்கும் இருநூறு பேர் நேரில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாவுச் செய்தி வந்தவுடன் டேங்க் ஆபரேட்டரை அழைத்து அந்தக் குழாய்க்குத் தண்ணீர் திறக்கச் சொல்வதும், பாதையில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் மாலை வாங்குவதைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும் வேலைகள். காரியம் முடிந்த பிறகு இன்னொன்றையும் செய்யலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. நாள் தள்ளத் தள்ள அலைச்சல் கூடும், ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு இல்லாமல் பதிவே நடக்காது. கிராமத்தில் அந்தப் பதிவைச் செய்பவர் கிராம நிர்வாக அலுவலர், பேரூராட்சியில் பேரூராட்சி அலுவலகமே. இறந்தவரின் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒத்திருக்கின்றனவா என்று பதிவுக்கு முன்பே பார்க்கச் சொன்னால், பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக அந்த வீட்டுப் பெண் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை நடக்க வேண்டியிராது.

அடுத்து, பஞ்சாயத்துப் பேசுவது. வரப்புத் தகராறு, வெள்ளாடு மேய்ந்த வழக்கு, குழாயடிச் சண்டை ஆகியவற்றில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்ப்பதில் தவறில்லை. காவல் நிலையம் போகாமல் முடிவது ஊருக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பழக்கத்திலேயே பெண் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையையும், பதினாறு வயதுப் பெண்ணின் கல்யாணத்தையும், மனைவியின் கையை முறித்தவனின் வழக்கையும் திண்ணையில் வைத்துப் பேச உட்காரும்போது, கவுன்சிலர் தம் பதவியின் எல்லையைத் தாண்டிக் குற்றத்திற்குள்ளேயே கால் வைக்கிறார். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. குழந்தைத் திருமணத்தை நடத்தி வைத்தவரும் உடந்தையாக இருந்தவரும் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தண்டனைக்கு உரியவர்கள். ‘இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம்’ என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளும் கவுன்சிலர்கள், அந்தத் தாள் தம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். நடந்தது தமக்குத் தெரியும் என்பதற்கு அவர் கையாலேயே எழுதிய சாட்சி அதுதான். குழந்தைகளைப் பற்றி இத்தகைய செய்தி காதில் விழுந்தால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பதே அவர் செய்ய வேண்டிய முதல் காரியம்.

கோயில் திருவிழாவில் கவுன்சிலர் கலந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அப்படி விலகி நிற்க வேண்டும் என்று சொல்வதும் சரியல்ல. ஆனால் தலைக்கட்டு வரி வசூலிக்கும் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூடாது. வீட்டு வரி கேட்கும் உரிமை உள்ள அமைப்பின் உறுப்பினரே திருவிழா வரியும் கேட்டு வரும்போது, கொடுக்க மறுக்கும் குடும்பத்திற்கு எது கட்டாயம், எது விருப்பம் என்ற வேறுபாடு மறைந்துவிடுகிறது. வரி கொடுக்காத வீட்டை ஒதுக்கி வைக்கும் வழக்கமுள்ள ஊர்களில் அதன் பழியும் அவர் மீதே விழும். பரிவட்டமும் முதல் மரியாதையும் அதைவிடச் சிக்கலானவை. வார்டில் காலனித் தெருவும் இருக்கிறது, அங்கிருந்தும் வாக்கு வந்திருக்கிறது. அந்தத் தெருவுக்குள் சப்பரம் வருவதில்லை என்றால், தலையில் பரிவட்டத்தோடு சப்பரத்தின் முன்னே நடப்பவர் யாருடைய உறுப்பினர் என்ற கேள்வியை அந்தத் தெரு மறக்காது.

2020-ல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி நாடே பேசியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் தலைவரைப் பற்றியே பேசினார்கள்; நான் நாற்காலிகளைப் பற்றி யோசித்தேன். ‘ஒரு நாற்காலி கொண்டுவா’ என்று சொல்ல ஓர் உறுப்பினர் போதும். 2022-இல் சுதந்திர தினத்திற்கு முன்பு, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதற்குத் தடை எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. கோட்டையிலிருந்து கடிதம் வர வேண்டிய அளவுக்கு அந்தந்த மன்றங்கள் வாய் மூடி இருந்திருக்கின்றன.

பெண் உறுப்பினரின் இடத்தில் கணவர் வந்து அமர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-லேயே சட்டம் திருத்தப்பட்டது. கணவர் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம், கூட்ட அறைக்கு வெளியே டீ குடிக்கலாம். உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்பவரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் பால் வாங்கப் போகும்போது ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்கிறார். பேருந்து நிறுத்தத்தில் இன்னொருவர் சாக்கடை அடைத்திருக்கிறது என்கிறார். ‘பார்த்துக்கலாம்ணே’ என்று இருவருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. மாலைக்குள் இரண்டில் ஒன்று மறந்துபோகும். வாய்ச்சொல்லாக வந்த குறை வாய்ச்சொல்லாகவே செயல் அலுவலரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ போனால், அது வந்ததற்கும் போனதற்கும் தடம் இருக்காது. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி, மாதக் கூட்டத்தில் அதைப் பொருளாக வைக்கச் சொல்லிக் கேட்கும் உறுப்பினரைப் பார்த்து அலுவலகம் முதலில் முகம் சுளிக்கும். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறாத எதற்கும் நிதி ஒதுக்க முடியாது. கூட்டத்தில் ஒன்றை ஏற்க முடியாதபோது கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்வதைவிட, ‘என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்’ என்று கேட்டு அது எழுதப்படும்வரை உட்கார்ந்திருப்பது பயனுள்ளது.

கிராம சபையிலும் இதே குறைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். அதைத் தலைவர் வீட்டு விசேஷம் போல நினைத்து, வார்டு உறுப்பினர்கள் தம் தெருவிலிருந்து ஒருவரையும் அழைத்து வராமல் தனியாக வந்து நாற்காலியில் அமர்கிறார்கள். நாற்பது பேரோடு சபை முடிகிறது, மறுநாள் பதிவேடு வீடு வீடாகப் போகிறது, என்ன தீர்மானம் என்று பார்க்காமலேயே நூறு கையெழுத்து சேர்கிறது. அந்த ஏட்டைச் சுமந்துகொண்டு போகும் வேலையைச் சில ஊர்களில் வார்டு உறுப்பினரே செய்கிறார். பேரூராட்சிகளுக்கும் 2022 நவம்பர் முதல் பகுதி சபை வந்துவிட்டது. அங்கே கூட்டத்தை நடத்தும் பொறுப்பு கவுன்சிலருடையதே என்பதால், யாரும் வரவில்லை என்று தலைவரைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. எங்கள் பக்கத்து ஊரில் வார்டு உறுப்பினராக இருந்த ஓர் அக்கா, அந்த வாரம் தம்மிடமிருந்த நீள நோட்டு ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். தேதி, யார் சொன்னது, என்ன குறை, யாரிடம் எழுதிக் கொடுத்தது, என்ன ஆயிற்று என்று ஐந்து கட்டம் போட்டு எழுதியிருந்தார். மேட்டுத் தெருக் கடைசிக் குழாய் அதில் பதினொரு முறை வருகிறது. பத்து முறை கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. பதினோராவது வரியில் ‘வால்வு மாற்றியாச்சு’ என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது.