அக்குள் நாற்றத்தைக் குறைப்பது எப்படி?

பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்கக் கை தூக்கவே தயங்குகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வியர்வைக்கு இயல்பில் பெரிதாக நாற்றம் கிடையாது. பருவ வயதில் இயங்கத் தொடங்கும் அபோகிரைன் சுரப்பிகள், புரதமும் கொழுப்பும் கலந்த வியர்வையை அக்குளில் சுரக்கின்றன. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகவே, தினமும் இருவேளை குளிப்பவருக்கும் இது வரலாம். அவரைச் சுத்தமில்லாதவர் என்று சொல்வது நியாயமன்று.

முதல் படி, கழுவுவதும் உலர்த்துவதும். சோப்பு நுரையை அக்குளில் விரல்களால் அரை நிமிடமாவது தேய்த்துக் கழுவுங்கள். பிறகு துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் போகும்வரை மின்விசிறியின் கீழ் நின்று, அதன்பின் சட்டை போடுங்கள். முடியை மழித்தே ஆக வேண்டும் என்பதில்லை, கத்தரித்தாலே போதும்.

இரண்டாம் படியில்தான் பலர் தவறுகிறார்கள். டியோடரன்ட் நாற்றத்தை மட்டுமே தடுக்கும் அல்லது மறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். வாங்கும்போது லேபிளில் அலுமினியம் உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. வியர்வை ஓடிக்கொண்டிருக்கும் காலையில் பூசினால் அது உள்ளே தங்காமல் வழிந்துவிடும் என்பதால், இரவு படுக்கும் முன், நன்றாக உலர்ந்த தோலில் பூசுங்கள். காலையில் குளித்தாலும் பலன் போய்விடாது. மழித்த அன்று பூசினால் எரியும். ஒரு நாள் விட்டுப் பூசுங்கள்.

சவரக் கடையில் தடவும் படிகாரமும் அலுமினியம் உப்புதான். ஈரக் கட்டியை அக்குளில் மெல்லத் தேய்த்தால் பாக்டீரியாக்கள் ஓரளவு அடங்கும். எலுமிச்சைச் சாற்றையும் ஆப்பச் சோடாவையும் நான் பரிந்துரைப்பதில்லை, அவை தோலைப் புண்ணாக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், முகப்பருவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு வாஷை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயன்படுத்திப் பாருங்கள். அக்குளில் தடவி, 2 நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவ வேண்டும். அது துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது சட்டை. துவைத்துக் காயவைத்த பாலியஸ்டர் சட்டையின் அக்குள் பகுதியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், போய்விட்டதாக நினைத்த பழைய நாற்றம் ஆவியோடு கிளம்புவதைக் கவனித்திருப்பீர்கள். பாலியஸ்டர் இழை வியர்வையின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைத்துக்கொள்வதே காரணம். சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசியபின் வழக்கம்போல் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். வினிகரோடு ப்ளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கோடையில் பருத்திச் சட்டையே நல்லது.

உட்கார்ந்திருக்கும்போதே வியர்வை சொட்டினாலோ, உடல் வாடை திடீரென மாறினாலோ, அக்குளில் கட்டியோ சீழோ தென்பட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன பூசினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கும் எளிதாக இருக்கும்.