டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளை ஸ்கேன்: டிமென்ஷியாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களின் ஸ்கேனைப் புதிதாகக் கையாள வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எந்த ஸ்கேன் அறையிலும் சொல்லித்தரும் பாலபாடங்களை இங்கே விட்டுவிடலாம்.

அமிலாய்டு பாசிட்டிவ் என்றதும் டிமென்ஷியா என்று எழுதிவிடுவது

இருப்பதிலேயே அதிக சேதம் செய்யும் தவறு இதுதான். ரிப்போர்ட்டுகளில் இன்றும் இதைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

அமிலாய்டு என்பது அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதம். அதற்கு மூலமான ஏபிபி மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோமில் அந்தக் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் அமிலாய்டும் பிறந்தது முதலே கூடுதலாகச் சுரக்கிறது. 40 வயது தாண்டிய கிட்டத்தட்ட எல்லார் மூளையிலும் அது படிந்திருக்கும். ஆனால் டிமென்ஷியா கண்டறியப்படுவது சராசரியாக 50களின் முதல் பாதியில். இடையில் பத்து வருடத்துக்கு மேல் அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேன் பாசிட்டிவாகவும் ஆள் நன்றாகவும் இருக்க முடியும்.

வழக்கமாக நடப்பது இது. தானே பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்த 44 வயதுக்காரர் சில மாதங்களாகப் பேச்சு குறைந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார். பெட் எடுக்கிறார்கள், பாசிட்டிவ். அத்தோடு தேடல் நின்றுவிடுகிறது. டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் பி12 பார்ப்பதில்லை. இரவில் மூச்சுத்தடை வருகிறதா என்று தூக்கப் பரிசோதனை செய்வதில்லை. காதுக்குறும்பி, கண்புரை, மனச்சோர்வு எதையும் யாரும் கேட்பதில்லை. தைராய்டு மாத்திரையில் தேறியிருக்கக்கூடிய ஒருவர் வேலையையும் பஸ் பயணத்தையும் இழக்கிறார்.

அறிகுறியோடு நெருங்கிப் போவது டாவ் புரதத்தைக் காட்டும் டாவ் பெட்டும், மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவதைக் காட்டும் எஃப்டிஜி பெட்டும்தான். அமிலாய்டு பெட் உண்மையில் கைகொடுப்பது நெகட்டிவாக வரும்போது: 50 வயதில் நெகட்டிவ் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். ஸ்கேனைப் படிக்கும்போது கார்டெக்ஸோடு (மூளையின் வெளிப்படலம்) நின்றுவிடாதீர்கள். இவர்களுக்கு மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் அமிலாய்டு சீக்கிரமே படிந்துவிடும்.

பொதுமக்கள் அளவோடு ஒப்பிடுவது

இவர்களுடைய ஹிப்போகாம்பஸும் (நினைவாற்றலுக்கான பகுதி) சிறுமூளையும் இயல்பிலேயே சிறியவை. மென்பொருள் "சுருக்கம்" என்று காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். 30களிலேயே ஓர் எம்ஆர்ஐ எடுத்து வைத்திருந்தால், அதே மெஷினில், அதே சீக்வென்ஸில் (படம் எடுக்கும் முறை) பிறகு எடுப்பதை அதனோடு ஒப்பிடலாம். பெட் அளவைக் கணக்கிடச் சிறுமூளையை ஒப்பீட்டுக்கு ஆதாரமாக எடுத்தால் அதன் எல்லையை அவரவர் எம்ஆர்ஐயில் வரையுங்கள். எல்லோருக்கும் பொதுவான மூளை வரைபடத்தை (டெம்ப்ளேட்) போட்டால் எல்லை பிசகி, எண்ணும் தப்பாகும்.

தலையைக் காயிலில் திணிப்பது

காயில் என்பது எம்ஆர்ஐயில் தலையைச் சுற்றி வைக்கும் கூடு. இவர்களுக்குப் பின்தலை தட்டை, கழுத்து குட்டை. தோள் காயிலில் முட்டும். பக்கவாட்டில் மெத்தை வைத்து இறுக்கலாம். ஆனால் கழுத்தை வளைக்கவோ நிமிர்த்தவோ கூடாது; முதல் இரண்டு கழுத்தெலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கலாம். காதுத்துளை குறுகல் என்பதால் வழக்கமான ஃபோம் பிளக் உள்ளே நிற்காது. சிறிய அளவு பிளக்கோடு ஹெட்போனும் மாட்டுங்கள். மூளையின் அமைப்பைக் காட்டும், ஐந்தாறு நிமிடம் பிடிக்கும் டி1 சீக்வென்ஸை முதலில் ஓட்டுங்கள். பொறுமை ஆரம்பத்தில்தான் இருக்கும்.

எடுத்ததும் மயக்க மருந்து

மூச்சுத்தடையும் பிறவி இதயக் கோளாறும் உண்டா என்று கேட்காமல் கூடவே கூடாது.

எஸ்டபிள்யூஐ சீக்வென்ஸை விட்டுவிடுவது

ரத்தக்குழாய்ச் சுவரிலும் அமிலாய்டு படிவதால் நுண்கசிவுகள் இவர்களுக்கு அதிகம். எஸ்டபிள்யூஐ என்பது இத்தகைய கசிவுகளைக் காட்டும் எம்ஆர்ஐ முறை; சாதாரண டி2 முறையில் அவை தப்பிவிடும். அமிலாய்டை அகற்றும், ஆனால் மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய லெக்கனெமாப் போன்ற மருந்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே இது கையில் இருக்க வேண்டும். அந்த மருந்தின் முக்கியச் சோதனையில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை.

சிடியில் பேசல் கேங்க்லியா சுண்ணாம்புப் படிவு

மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்க்லியாவில் சுண்ணாம்பு படிவது டவுன் சிண்ட்ரோமில் சகஜம். டிமென்ஷியாவுக்குச் சான்று அல்ல.