பொறியியல் கோடை முகாம்: வீட்டுக்கு ரோபோ வந்தால் போதுமா?

ஏப்ரல் பிறந்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுக்களில் விளம்பரங்கள் வரிசை கட்டும். ஐந்து நாளில் ரோபோட்டிக்ஸ், பத்து நாளில் ட்ரோன், உங்கள் பிள்ளை ஒரு கண்டுபிடிப்பாளர். படத்தில் மஞ்சள் மோட்டாரும் கறுப்புச் சக்கரமும் மாட்டிய ஒரு வண்டி நிற்கும். முகாம் முடியும் நாளில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் அதே வண்டி இருக்கும். கட்டிய காசுக்குப் பொருள் வந்துவிட்டது என்று பெற்றோருக்கும் நிம்மதி.

இந்த நிம்மதியில்தான் பிரச்சினையே ஆரம்பம். தினமும் ஏதாவது ஒரு பொருள் வீட்டுக்கு வர வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால் முகாம் நடத்துபவர் என்ன செய்வார்? துளை போட்டு, ஒயர் வெட்டி, பாதி பூட்டிய கிட்டைக் கொடுத்துவிடுவார். பிள்ளை நான்கு ஸ்குரூவை முடுக்கும், வண்டி ஓடும். எப்படி ஓடுகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. ஓடாமல் நின்றிருந்தால்தானே அது எழும்?

சதுரமான 9 வோல்ட் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுவது சுலபம் என்பதால் பல கிட்டுகளில் அதுதான் இருக்கும். ஆனால் அது வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் போல மின்னோட்டத்தைக் கொஞ்சமாக இழுக்கும் கருவிகளுக்கானது. அதன் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்கு உள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் தடை, அதிகம். இரண்டு மோட்டார் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் சரியும். இடையில் மோட்டார்களை இயக்கும் எல்298என் டிரைவர் போர்டு இருந்தால் அது தன் பங்குக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தின்றுவிடும். வண்டி கொஞ்ச நேரத்தில் நொண்டும், புரோகிராம் ஏற்றிய ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டு தானாகவே ரீசெட் ஆகும், தான் எழுதிய புரோகிராமில்தான் கோளாறு என்று பிள்ளை அழும். இந்த இடத்தில் புதுப் பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டு நகர்வது பெரிய தவறு. மல்டிமீட்டரைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். மோட்டார் நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு? எண் மளமளவென்று இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு நான்கு ஏஏ செல்லைப் போட்டு அளந்து பார்க்கட்டும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் முகாமே. அன்று எந்தப் பொருளும் வீட்டுக்கு வராது, பரவாயில்லை.

அதனால் சேர்ப்பதற்கு முன் என்னென்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். போன தடவை எதெல்லாம் வேலை செய்யாமல் போனது, அப்போது பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் யோசியுங்கள்.

விலை உயர்ந்த கிட் என்றால் நல்ல முகாம் என்பதும் தப்புக் கணக்கு. ஐஐடி கான்பூரில் படித்தவர், பொம்மைகள் வழியாக அறிவியல் சொல்லித்தருபவர் அரவிந்த் குப்தா. அவர் 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனபோது சைக்கிள் வால்வ் டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளைச் செருகினார். அப்படிச் செய்த சதுரத்தை லேசாக அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. மொபைல் டவரில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பது விரலுக்கே புரிந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதுவே தாராளம். அந்த வயதில் ஆர்டுயினோ போர்டைக் கொடுத்தால் கடைசியில் ஒயரை மாட்டுவது பயிற்சியாளர், கைதட்டுவது பிள்ளை.

பழைய சாமான்களைக் கழற்றிப் பார்ப்பதும் அருமையான வேலைதான். ஆனால் கண்டதையும் கொண்டுவந்து கொட்டக் கூடாது. மைக்ரோவேவ் அவனும் பழைய டப்பா டிவியும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் உயர் அழுத்த மின்சாரம் தேங்கியிருக்கலாம். கம்ப்யூட்டர் பவர் சப்ளையையும் ஒதுக்கிவிடுங்கள். மிக்ஸி, டேபிள் ஃபேன் போன்றவற்றைக் கொடுக்கலாம்; பிளக்கை முதலிலேயே ஒயரோடு வெட்டி எறிந்துவிட்டால், ஆர்வக் கோளாறில் யாரும் மறுபடி சொருக முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஊர் முகாம்கள் இரண்டு பக்கமும் தவறுகின்றன. சிலர் கத்தரிக்கோலைக்கூடக் கொடுப்பதில்லை. சிலர் 350 டிகிரியில் கொதிக்கும் சால்டரிங் அயர்னைக் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நடுவில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகிறார்கள். சூடான கருவி மேசைக்கு வந்துவிட்டால் ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. குளூகன் சாதுவாகத் தெரியும், ஆனால் உருகிய பசை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஃபெவிக்விக் வகைப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் தானாகவே சூடேறிக் காயப்படுத்திவிடும். ஒயர் வெட்டும்போது நுனி தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது நாணயம் போன்ற லித்தியம் பட்டன் செல்லுக்கு. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. முகாமிலிருந்து இந்தச் செல் வைத்த மினுக்கும் பேட்ஜோடு பிள்ளை வந்தால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அப்புறம், குழு வேலை. கண்காணிக்காமல் விட்டால் பையன்கள் டிரில்லைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகளிடம் ஸ்கெட்ச் பேனாவும் ஜிகினாவும் போய்ச் சேரும். தானாக நடப்பது போலவே இருக்கும். கருவியை முறைவைத்து மாற்றிக் கொடுத்தால் இது ஒரே நாளில் சரியாகும்.

கடைசி நாள் கண்காட்சியில் பெற்றோர் தரப்பில் ஒரு தவறு நடக்கும். சக்கரம் கோணலாக இருப்பதைப் பார்த்ததும் அப்பாக்களுக்குக் கை துறுதுறுக்கும். இன்ஜினியர் அப்பாக்கள் இதில் படுமோசம். கொடுடா நான் சரிபண்ணித் தருகிறேன் என்று வாங்கிவிட்டால் அது அவருடைய வண்டி. அது ஏன் இடதுபக்கமே போகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

வீட்டுக்கு வந்த வண்டியை ஷோகேஸில் பூட்டிவைக்கவும் வேண்டாம். அந்த மஞ்சள் மோட்டார் 3 முதல் 6 வோல்ட்டில் எதற்கும் சுற்றும். அதைக் கழற்றி வேறு எதையாவது ஓட்டிப் பார்க்கலாமா என்று பிள்ளை கேட்டால் சரி என்று சொல்லுங்கள். ஸ்குரூக்களை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுவைக்கச் சொல்லுங்கள், ராத்திரி காலில் குத்தும்.