எண் போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல: ஜாவாஸ்கிரிப்ட் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் மாலை வகுப்பில், இணையப் பக்கங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும்போது, முதல் பயிற்சியாக ஆத்தங்குடி டைல்ஸுக்கு ஓர் ஆர்டர் படிவம் செய்யச் சொல்வேன். வளவுக்கு (வீட்டின் உள்முற்றப் பகுதி) எத்தனை கல், முகப்புக்கு எத்தனை கல் என்று இரண்டு பெட்டிகள், கீழே மொத்தம். அவ்வளவுதான்.

ஒரு மாணவி 300, 80 என்று போட்டாள். மொத்தம் 30080 என்று வந்தது. “சார், கழிச்சா சரியா 220 வருது. விலையோட பெருக்குனாலும் சரியா வருது. கூட்டல் மட்டும் ஏன் இப்படி?” என்றாள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெட்டியில் நாம் எதைத் தட்டினாலும் பிரவுசர் அதைச் சரமாகத்தான், அதாவது ஸ்டிரிங் எனப்படும் எழுத்துத் தொடராகத்தான், எடுத்துக் கொடுக்கும். இரண்டு சரங்களுக்கு நடுவே + போட்டால் கூட்டாது. பூச்சரத்தை முடிவதுபோல ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டிவிடும். கழித்தல், பெருக்கல் குறிகளோ சரத்தைத் தாமாகவே எண்ணாக்கிக்கொள்ளும். அதனால்தான் தவறு பாதி இடத்தில் ஒளிந்துகொள்கிறது. எது அதிகம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்: சரமாக இருந்தால் 80தான் பெரியது என்று சொல்லும், அகராதி வரிசையில் 3-க்குப் பிறகுதானே 8!

எனவே பெட்டியிலிருந்து எடுத்த கையோடு நம்பர் (Number) ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் கவனியுங்கள். காலிப் பெட்டி 0 ஆகிவிடும். “80 கல்” என்று தட்டியிருந்தால் ‘எண் அல்ல’ (NaN) என்ற தனி மதிப்பு கிடைக்கும்; அது தனக்குத் தானே சமமில்லாதது, ஆகவே சமக்குறி போட்டு அதைப் பிடிக்க முடியாது. அதற்கென்று இருக்கும் இஸ்-நான் (isNaN) சோதனையைப் பயன்படுத்துங்கள்.

இதைக் கற்றுக்கொண்டதும் எல்லாவற்றையும் எண்ணாக்கும் ஆசை வரும். அதுவும் தவறு. நம் ஊர் எஸ்டிடி கோடு 04565. எண்ணாக்கினால் 4565 என்று முன் சுழியம் போய்விடும். நிரலில் மேற்கோள் குறி இல்லாமல் 04565 என்றே எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: மதிப்பு 2421 ஆகிவிடும். சுழியத்தில் தொடங்கி எல்லா இலக்கமும் 7-க்குள் இருந்தால், பழைய வழக்கப்படி அதை எட்டின் அடிமானத்தில் படிக்கும். ஸ்டிரிக்ட் மோடில், அதாவது மொழியின் கண்டிப்பான முறையில், எழுதினால் பிழை என்று அங்கேயே நின்றுவிடும், அதுவே நல்லது. நான் சொல்லும் சோதனை ஒன்றுதான்: இதைக் கூட்டுவோமா, பெருக்குவோமா? 630001 என்ற பின்கோடை யாரும் இரண்டால் பெருக்குவதில்லை. அது சரமாகவே இருக்கட்டும்.

ஒப்பிடும்போது இரண்டு சமக்குறி போடாதீர்கள், மூன்று போடுங்கள். இரண்டு போட்டால் காலிச் சரமும் 0-வும் ஒன்று என்று சொல்லிவிடும். பொய் என்று பொருள்படும் ‘ஃபால்ஸ்’ (false) என்ற சொல்லைச் சரமாக வைத்திருந்தால் அதுவும் உண்மை என்றே கணக்கு. மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) என்பதன் வகையைக் கேட்டால் ஆப்ஜெக்ட், அதாவது பொருள், என்று வரும். உங்கள் தவறு இல்லை. 1995-ல் பிரெண்டன் ஐக் 10 நாளில் உருவாக்கிய மொழி இது. அன்று நேர்ந்ததை இப்போது மாற்றினால் பழைய பக்கங்கள் உடையும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

தமிழில் படிவம் செய்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் இது பெரும்பாலும் வராது. ‘கானாடுகாத்தான்’ நமக்கு 7 எழுத்து. சரத்தின் நீளத்தைச் சொல்லும் லெங்த் (length) கேட்டால் 14 என்று வரும். எழுத்தோடு ஒட்டும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. முதல் 5-ஐ வெட்டி எடுத்தால் ‘கானாட’ என்று நிற்கும், ‘டு’ அறுந்து ‘ட’ ஆகிவிட்டது. பெயரைச் சுருக்கிக் காட்டவோ எழுத்து வரம்பு வைக்கவோ வேண்டுமானால் இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி மொழியிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு எண்ணினால் கானாடுகாத்தான் 7 என்றே வரும்.