இல்லத்தின் கதவு பூட்டியிருக்கும்போது மறைப்பணி செய்வது எப்படி

இத்தாலிக்கு விசா கிடைத்த, எங்கள் கன்னியர் சபையின் இளைய சகோதரிகள் என்னைக் கூப்பிட்டால், குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் எடுத்து வரவேண்டும் என்று முதலில் கேட்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மறுபடியும் கொரோனா மாதிரி ஒன்று வந்தால் என்ன செய்வது, சிஸ்டர்?" என்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. கன்னியராக முதல் வார்த்தைப்பாடு முடிந்த கையோடு 2019இல் வட இத்தாலியின் லொம்பார்தியாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வந்தேன். மொழி சரியாகப் பிடிபடும் முன்பே, 2020 மார்ச்சில் இல்லத்தின் கதவைப் பூட்டினார்கள். மார்ச் 10 முதல் நாடே அடைபட்டது. அந்த நாட்களில் கற்றதை எழுதுகிறேன். இன்றைக்கும் இது உதவும். குளிர்காலத்தில் ஃப்ளூ பரவினாலே ஒரு தளத்தை அடைத்துவிடுகிற முதியோர் இல்லங்கள் உண்டு.

கதவு மூடினால் மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் வெளியே நிற்பார்கள். பெரும்பாலும் குருவானவரும் வெளியேதான். உள்ளே போக அனுமதி உள்ள சிலரில் நீங்கள் ஒருவர். அந்த முதியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடுவில் நிற்பதே அந்நாட்களில் உங்கள் மறைப்பணி. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். நற்செய்தி பேசப் போனவள் இப்படிக் காணொளி அழைப்புக்கு டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறேனே என்று ஒருநாளும் நினைக்க வேண்டாம்.

முதலில் காகிதங்களைச் சரி செய்துவிடுங்கள். வந்த எட்டு வேலைநாளுக்குள், தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தை அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்; அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம், அதுவரை அந்த ரசீதுதான் உங்கள் ஆதாரம். மருந்துக்கடையில் கேட்கும் சுகாதார அட்டையையும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள். 2020இல் வெளியே கால் வைக்கவே, ஏன் போகிறோம் என்று நாமே எழுதிக் கையெழுத்திட்ட படிவம் ஒன்று வேண்டியிருந்தது. அந்தப் படிவமும் அடிக்கடி மாறியது. எல்லாவற்றையும் படமெடுத்து மதரிடம் (நம் குழுமத் தலைவியிடம்) ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

அடுத்தது கை. சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி, கிருமிநாசினித் திரவம் தேய்த்தால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவது கட்டைவிரலையும் நகநுனியையும். பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். கையுறை முதலில், பிறகு மேலங்கி, பிறகு கண்ணாடி, கடைசியாக முகக்கவசம். நடுவிலும் முடிவிலும் கை சுத்தம். நம் தலைத்துணி முகக்கவச வாரில் சிக்கும். முன்கூட்டியே ஊசி குத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். இதற்கென்று மருத்துவத் தொப்பி தந்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள், சபை உடைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை எல்லாச் சகோதரிகளும் பழகிக்கொள்வது நல்லது. நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் அது தப்பான எண்ணைக் காட்டும். எண்பது தொண்ணூறு வயதிலும் அழகாக நகம் பூசிக்கொள்கிற அம்மாக்கள் இங்கே நிறையப் பேர். அவர்களிடம் கேட்டு ஒரு விரலை மட்டும் துடைத்து, இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, அப்புறம் மாட்டுங்கள். எண் குறைந்தால் நீங்களே முடிவெடுக்காமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு முதியவர்களிடம் பேசுவது தனிப் பயிற்சி. காது மந்தமானவர்கள் பாதி வார்த்தையை நம் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். உதடு மறைந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது. கடல் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவர்கள் நாம். குரலை உயர்த்தினால் போதும் என்று தோன்றும். வயதானவர்களின் காது முதலில் இழப்பது கீச்சுக் குரலைத்தான். ஆகவே குரலைத் தாழ்த்தி, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லுங்கள். அவர்கள் கண் மட்டத்துக்குக் குனியுங்கள். உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சிரித்த முகப் படத்தோடு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளுங்கள். கவசத்துக்குள் எல்லாருமே ஒரே மாதிரி தெரிவதால் பயப்படுகிறவர்கள் உண்டு. முதியவர்களுக்குக் கவசம் போட்டுக் கழற்றும்போது காதுக்கருவி வாரோடு சேர்ந்து தெறித்துவிடும். ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். காணாமல் போனால் முதலில் சலவைக்கூடையைப் பாருங்கள்.

காணொளி அழைப்புக்கு முன், வீட்டாரை மட்டும் தனியாகக் கூப்பிடுங்கள். "அம்மா கொஞ்சம் மெலிந்திருக்கிறார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது, இன்று அதிகம் பேசவில்லை" என்று உள்ளதைச் சொல்லி அவர்களைத் தயார்படுத்துங்கள். திரையில்தான் முதன்முறையாக அதைப் பார்த்து அவர்கள் உடைந்தால், இந்தப் பக்கம் தாயும் பதறுவார். பிறகு அந்த அம்மாவைத் தயார் செய்யுங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுங்கள், காதுக்கருவியில் பேட்டரி பாருங்கள், தலை வாருங்கள். மேல்தளத்தில் இருந்த ஒரு சிஞோரா (இத்தாலிய அம்மா), கழுத்தில் முத்துமாலை போடாமல் மகனிடம் பேசமாட்டார். கொக்கி சின்னது, எனக்கோ இரட்டைக் கையுறை. ஆனாலும் அதைப் போட்டுவிட்ட பிறகுதான் அழைப்பு. மாலை போட்டதும் அவர் நிமிர்ந்து உட்காருவார்; மகனுக்குத் தெரிந்த தாய் அவர்தான். அந்த ஐந்து நிமிடத்தை வீண் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழவேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. டேப்லெட்டைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள். அப்போது படத்தை விட்டுவிட்டு ஒலியைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பேத்தி சிறுவயதுப் பாட்டு ஒன்றைப் பாடினால் சில நேரம் கை தாளம் போடும். அதை வீட்டாருக்குக் காட்டுங்கள். அழைப்பு முடிந்ததும் எழுந்து ஓடவேண்டாம். திரை அணைந்தவுடன் "அவன் எங்கே போனான்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாகும் நேரம் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் இளையவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கக் குருவானவரால் வர முடியாமல் போகலாம். அந்த நிலைக்காகத் திருஅவை 2020 மார்ச் 20இல் ஆணை வெளியிட்டது: நல்ல மனநிலையோடு, வாழ்நாளில் செபித்து வந்தவர்களுக்கு, அருட்சாதனம் கிடைக்காவிட்டாலும் மரண வேளையில் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள்) உண்டு, பாடுபட்ட சுரூபத்தைப் பயன்படுத்துவது நல்லது என்றும் அதில் இருக்கிறது. ஆகவே துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய சின்னச் சிலுவை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். அதை அவர் கையில் வையுங்கள், அந்தக் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கையுறை இருந்தாலும் சூடு தெரியும். போனைத் தலையணையில் வைத்து ஒலிபெருக்கியைப் போடுங்கள். பேச வேண்டியதைக் குடும்பம் பேசட்டும்.

இதற்காக, விமானம் ஏறும் முன்பே கர்த்தர் கற்பித்த செபத்தையும், அருள்நிறைந்த மரியே செபத்தையும், இறந்தோருக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தையும் இத்தாலிய மொழியில் மனப்பாடம் செய்துவிடுங்கள். முடிந்தால் லத்தீனிலும். 1930களில் பிறந்தவர்கள் லத்தீன் செபங்களோடு வளர்ந்தவர்கள். சொந்தப் பிள்ளையின் பெயர் மறந்துபோனவர்கள்கூட, "ஆவே மரியா, கிராத்சியா பிளேனா" என்று நான் தொடங்கினால் உதட்டை அசைப்பார்கள்.

உங்கள் சொந்த நாளையும் காக்க வேண்டும். காலைச் செபத்தை அறையில் தனியாகச் சொல்லவேண்டி வந்தாலும் குறித்த நேரத்தில் சொல்லுங்கள். அந்த வசந்தத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானின் சாந்தா மார்த்தா சிற்றாலயத்தில் காலை 7 மணிக்கு நிறைவேற்றிய திருப்பலி தினமும் நேரலையாக வந்தது. ஷிப்ட் முடிந்த சகோதரிகள் அதில் பங்கெடுத்தோம். மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த வெறும் பேதுரு சதுக்கத்தில் அவர் நின்று செபித்ததை, கதவுகளைத் திறந்துவைத்து அவரவர் அறையிலிருந்தே முதியவர்கள் பார்த்தார்கள்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பாஸ்தாவும் சூப்பும் சில வாரத்தில் சலித்துப்போகும். இங்கே கடையில் 'பார்பாயில்டு' என்று எழுதிய அரிசி கிடைக்கும், நம் புழுங்கலரிசிக்குக் கிட்டத்தில் வருவது அதுதான். பருப்பும் காய்ந்த மிளகாயும் எங்கும் உண்டு. மீன்குழம்புப் பொடியையும் புளியையும் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தால் போதும்.

வீட்டுக்குப் பேச நேரம் குறித்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஊர் நாலரை மணி நேரம் முன்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரம் முன்னால். இரவுச் செபத்துக்குப் பிறகு கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு. அம்மா தூக்கம் கெட்டுப் பதறுவார். மதிய ஓய்வில் இரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே சாயங்காலம். இத்தாலியைப் பற்றித் தொலைக்காட்சியில் பார்த்து ஊரில் அழுவார்கள். அவர்களிடம் எண்களைச் சொல்லாமல் அன்று சாப்பிட்டதைச் சொல்லுங்கள். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இது தலைகீழானது. ஊரில் பரவியபோது நான் இங்கிருந்து அழுதேன். பாட்டி இறந்ததை அப்போது போனில்தான் பார்த்தேன். அப்படி ஒரு செய்தி வந்தால் மறைக்காமல் மதரிடம் சொல்லி, ஒருநாள் வேலையிலிருந்து விலகி இருங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம்: என்ன சாப்பிட்டார், யார் பெயரைச் சொன்னார், எப்போது சிரித்தார். இல்லத்தின் அனுமதியோடு எழுதி அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். இத்தாலியில் 2020 மே 4 முதல்தான் 15 பேர்வரை கூடி அடக்கத் திருச்சடங்கு நடத்த அனுமதித்தார்கள். பொருட்களை வாங்கிப்போகக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக வந்தன. வலி இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். நோட்டைப் பார்த்து நடந்ததை மட்டும் சொல்லுங்கள், ஆறுதலுக்காக எதையும் சேர்க்க வேண்டாம். மொழி தடுமாறினால் மூத்த சகோதரி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முத்துமாலை, மோதிரம் போன்றவற்றை உறையிலிட்டு, பெயரெழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.