பிள்ளைக்கு ஏர் ரைபிள் வாங்கும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளை ரைபிள் சுடுதலில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அது உச்ச வரம்புதான், அவ்வளவு கனம் வேண்டும் என்றில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு இலேசானதே போதும்.

எடையைவிட முக்கியம், கனம் எங்கே இருக்கிறது என்பது. முன்பக்கம் இழுத்தால் பிள்ளை இடுப்பைப் பின்னால் வளைத்துச் சமாளிக்கும், கொஞ்ச நேரத்தில் முதுகு கடுக்கும். கடையிலேயே தோளில் வைத்து நிற்கச் சொல்லுங்கள். வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். சைட்டை, அதாவது குறிபார்க்கும் துளையை, பார்க்கக் கழுத்தை நீட்டினால் தோளில் பதியும் பின்கட்டை நீளம் அதிகம். பின்கட்டையும், கன்னம் பதியும் கன்னப்பலகையும் நகர்த்தக்கூடிய மாடலாகப் பாருங்கள், பிள்ளை வளரும் இல்லையா!

குழல் துளை 4.5 மி.மீ. அளவும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதற்காக அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் எடுத்துப்போய் முயல், காடை என்று குறிபார்த்தால், ஏர் கன் ஆனாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான்.

பெல்லட் என்கிற சிறு குண்டு ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.